ஐந்தாவது பங்காளி

செங்காட்டுவலசில் பொழுது நின்றுபோனது ஒரு வியாழக்கிழமை, மயிலாத்தாவின் வெங்காயக் காட்டில் பதினோரு பாத்திகள் நிறைந்து பன்னிரண்டாவது பாத்தியின் வாயில் தண்ணீர் நுழைந்த நேரத்தில். இடி இடிக்கவில்லை, பூமி குலுங்கவில்லை, ஓடைக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமை தலையைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. மேற்கே ஒரு பனை உயரத்துக்கு இறங்கியிருந்த சூரியன் அதற்குமேல் இறங்காமல் அங்கேயே நின்றுகொண்டார், அவ்வளவுதான். ஏன் நின்றார் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. மயிலாத்தா நிற்கச் சொன்னாள், முறை தெரிந்த பங்காளி நின்றார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அந்த ஊர்க் கிணற்றைப் பற்றிச் சொன்னால் விளங்கும். நாற்பத்திரண்டு கல்படி, அடியில் கரும்பாறை, பாறையின் இடுக்கில் ஊற்றுக்கண். நாலு குடும்பத்துக்குப் பங்கு. யாருக்கு எந்த நாள், எந்த வேளையிலிருந்து எந்த வேளை வரை என்பதெல்லாம் எப்போதோ பேசி முடித்த முறை. பெரிய பங்கு தீர்த்தகிரிக்கு. வாரத்தில் மூன்று நாள் அவர் வாய்க்காலில்தான் தண்ணீர் ஓடும். அடுத்தது ஆறுச்சாமி. இருப்பதிலேயே சின்னப் பங்கு மயிலாத்தாவுக்கு மாமியார் வழியில் வந்தது. வியாழக்கிழமை மட்டும், அதிலும் உச்சிப்பொழுது சாய்ந்த பிறகு. மின்கம்பங்கள் ஓடைக்கு அக்கரை வரை வந்து, தண்ணீரைக் கண்டு மிரண்ட மாடுகளைப் போல முப்பது வருஷமாக அங்கேயே நின்றிருந்தன. அதனால் ஆயில் இஞ்சின்தான் கதி. அதன் சத்தத்தில் ஒரு தலைமுறைக்கே காது மந்தமாகிவிட்டது. போன தை மாதம் சர்க்கார் திட்டத்தில் சோலார் பம்பு வந்து இறங்கியது. பதினாறு பேனல், ஒரு பெட்டி, ஒரு மோட்டார், கூடவே வீட்டுக்கு ஒரு விளக்கு. புகையில்லை, சத்தமில்லை, வெயில் இருந்தால் தண்ணீர். பெட்டியைத் திருகி முதல் தண்ணீர் தொட்டியில் விழுந்தபோது, கண்ணில் நீர் வராதவர்கள் அந்த ஊரில் யாருமில்லை.

தப்பு என்று சொல்லலாமா தெரியவில்லை, தப்பு அங்கேதான் நடந்தது. அந்தக் கிணற்றுக்கு யாராவது புதிதாகப் பங்குக்கு வந்தால், மற்ற பங்காளிகள் கிணற்று மேட்டில் நின்று, ஒரு கை தண்ணீரை அள்ளிக் கீழே விட்டு, அவர் பெயரைச் சொல்லிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் தீர்த்தகிரி ஒரு கை தண்ணீரை அள்ளிக் கிழக்கே பார்த்து விட்டு, "இன்னீலிருந்து இந்தக் கெணத்துக்கு அஞ்சாவது பங்காளி சூரியனுங்க, அவுரு இழுத்துத்தான் நமக்குத் தண்ணி" என்று சத்தமாகவே சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். மேகம் போட்ட நாளில், அஞ்சாவது பங்காளி இன்னைக்கு மட்டம் போட்டுட்டாருங்க என்று கேலி பேசிக்கொண்டார்கள். ஒருவர் பங்காளியானால் முறை முழுக்க அவருக்கும் பொருந்தும் என்பது அந்தக் கேலியில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த முறையில் ஒன்று, ஓடுகிற பாத்தி முறை. ஒருவருடைய நேரம் முடிந்து அடுத்தவர் மடை திருப்ப வரும்போது, பாத்தியில் பாதித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால், "ஓடற பாத்திங்க, சித்த நில்லுங்க" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்டால் அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றுதான் ஆகவேண்டும், பகையாளியாக இருந்தாலும் சரி. பாத்தி நிறைந்ததும் கேட்டவரே வாய்திறந்து, "ரொம்பிருச்சுங்க, எடுத்துக்குங்க" என்று சொல்லவேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது. நிற்கவைத்தவர், எவ்வளவு நேரம் நிற்கவைத்தாரோ அவ்வளவு நேரத்தை அடுத்த முறையில் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். பொய் சொல்லி நிற்கவைத்தவர் என்று அந்தக் கிணற்றில் இதுவரை ஒருத்தர் பெயரும் இல்லை.

மயிலாத்தா அந்த வியாழக்கிழமை சாயங்காலம் சொன்னது அந்த வார்த்தையைத்தான். வெங்காயம் காய் வைக்கத் தொடங்கியிருந்தது. இன்னொரு தண்ணீர் விட்டால்தான் காய் திரளும். பத்தாவது பாத்தியில் எலிவளை ஒன்று தண்ணீரை உறிஞ்சி நேரத்தைத் தின்றுவிட்டது. பன்னிரண்டாவது பாத்திக்கு மடையை வெட்டிவிட்டு அவள் நிமிர்ந்தபோது வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. தொட்டியில் விழும் தண்ணீர் மெலியத் தொடங்கியிருந்தது. யாரோ மடை திருப்ப வருவதைப் போலத்தான் அவளுக்கு இருந்தது. யோசிக்கவேயில்லை, இருபது வருஷப் பழக்கம், முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு மேற்கே பார்த்து, "ஓடற பாத்திங்க, சித்த நில்லுங்க" என்றாள். மெலிந்துகொண்டிருந்த தண்ணீர் அந்த அளவிலேயே நின்று ஓடியது.

அவள் அப்போதே அந்த ஒரு பாத்தியை நிறைத்து விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. தண்ணீர் கால்வாசிப் பாத்திகூட ஏறவில்லை, தீர்த்தகிரி வரப்பின்மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். மேற்கே பார்த்தார், அவளைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார். அவருக்கு எல்லாமே சீக்கிரம் புரிந்துவிடும்.

"அம்மிணி, அந்த மடையக் கொஞ்சம் அடைச்சு வையி. உன்ர பாத்தி எங்கயும் ஓடிப் போயிராது. என்ர சோளம் மூணு நாளா வாடிக் கெடக்குது. பொழுது நிக்கறப்பவே ஒரு பாய்ச்சல் பாச்சிக்கறேன்."

"அது மொறைங்களா, மாமா?"

"மொறை இல்லாம என்ன? நீ எடுத்துக்குங்கன்னு சொன்னாத்தான அவுரு போவாரு. நீ மெதுவாச் சொல்லு."

கல்யாணமாகி வந்த இருபது வருஷத்தில் அந்த மனிதர் அவளிடம் ஒரு வேலையாகக் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. எப்போதும் அவள்தான் அவர் வாசலில் போய் நிற்பாள். அந்தப் பெருமையில்தான் அடைத்தாள் என்பதை அவள் பிற்பாடு ஒருநாளும் மறைக்கவில்லை. தன் கையாலேயே இரண்டு மண்கட்டியை எடுத்துப் பன்னிரண்டாவது பாத்தியின் வாயில் வைத்து, காலால் மிதித்து அடைத்தாள். மீதிப் பாத்தி வறண்டபடியே கிடந்தது, உள்ளே வந்த தண்ணீரும் கொஞ்ச நேரத்தில் மண்ணுக்குள் போய்விட்டது.

முதல் இரண்டு மூன்று நாளும் ஊரில் திருவிழாதான். நாள் என்று சொன்னால் பஸ்ஸை வைத்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஊருக்குள் கணக்கு வைக்க வேறு எதுவும் மிச்சமில்லை. தாராபுரத்துப் பஸ் காலையில் எட்டு மணிக்கு ஒன்று, ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று. ராத்திரி பஸ் அக்கரை இருட்டில் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு வரும். எல்லைக்கல்லைத் தாண்டியதும் மஞ்சள் வெயில் கண்ணாடியில் அடிக்க, டிரைவர் விளக்கை அணைப்பார். முதல் நாள் பஸ்ஸை ஓடைப்பாலத்திலேயே நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள், இவங்க ஊர்ல கரன்டு மிச்சமுங்க என்று கண்டக்டரோடு சிரித்துக்கொண்டே அணைத்தார். அதனால் ஒரு பஸ், இரண்டு பஸ் என்று ராத்திரி பஸ்ஸை எண்ணி ஊர் நாள் கணக்கு வைத்தது. பேனல்களை மேற்கே திருப்பி ஆணியடித்தார்கள். தீர்த்தகிரியின் சோளத்துக்கு ஒரு பாய்ச்சல், ஆறுச்சாமியின் புகையிலைக்கு இரண்டு, யாரும் உழாமல் போட்டிருந்த கிழக்கு மேட்டுக்குக்கூட ஒரு பாய்ச்சல் என்று மோட்டார் மூச்சுவிடாமல் இழுத்தது. விவசாய இலாகாவிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பம்பு நல்ல முறையில் ஓடுகிறது என்று எழுதிக்கொண்டு, கண் கூசுகிறது என்று தொப்பியைத் தாழ்த்திப் போட்டுக்கொண்டு போனார்.

தூக்கத்துக்கும் அவர்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். தண்ணீருக்கு முறை வைத்தவர்களுக்குத் தூக்கத்துக்கு வைக்கத் தெரியாதா? பாதி ஊர் ராத்திரி பஸ் திரும்பும்போது பாயைச் சுருட்டிக்கொண்டு ஏறி, அடுத்த ஊரான நல்லிக்காட்டுப்புதூர் மண்டபத்தில் இருட்டில் தூங்கிவிட்டு, காலை பஸ்ஸில் இறங்கும். மறுநாள் மீதிப் பாதி. கோழிகள்தான் முறைக்கு வரவில்லை. அவை பட்டிக்குப் போவதா வேண்டாமா என்று வாசலிலேயே நின்று நின்று, முட்டையிடுவதை விட்டுவிட்டன. பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரம் இலையைப் பாதி மூடியபடி நின்றது, மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல். வீடுகளின் நிழல் கிழக்கே நீண்டு ஒரே இடத்தில் கிடந்ததால் நிழலுக்குக் கீழே புல் வெளுத்து, நிழல் விழாத இடத்தில் புல் கருகி, ஒவ்வொரு வீட்டுக்குப் பக்கத்திலும் அந்த வீட்டின் உருவம் தரையில் பதிந்துவிட்டது. மாரியம்மன் கோயிலில் அந்தி விளக்கை ஏற்றுவதா அணைப்பதா என்று தெரியாமல் பூசாரி எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருந்தார். இதையெல்லாம் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். மனிதர்கள் எதற்குத்தான் பழகமாட்டார்கள்.

நாலாவது பஸ்ஸில் மயிலாத்தாவும் பாயோடு ஏறினாள். புருஷன் வேலுச்சாமி ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தான். பஸ் எல்லைக்கல்லைத் தாண்டியது, ஓடைப்பாலத்தில் ஏறியது, எல்லோரும் வெளியே இருட்டை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். மூடிய இமைக்கு வெளியே மஞ்சள் வெளிச்சம் கூடவே வந்தது. பாலத்தின் மேல் வெயில், புளியமரத்தின் மேல் வெயில், அடுத்த ஊரின் ஓட்டுக் கூரைகள் ஒவ்வொன்றாக மஞ்சளடித்துக்கொண்டே வந்தன. தூங்கிக்கொண்டிருந்த சேவல்கள் அலறின, நாய்கள் ஊளையிட்டன, ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. மயிலாத்தா திரும்பி மேற்கே பார்த்தாள். ஒரு பனை உயரத்தில், அவளையே பார்த்துக்கொண்டு, மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்கிற பங்காளியைப் போல, அவர் நின்றார். அவள் எடுத்துக்குங்க என்று சொல்லாமல் எங்கே போனாலும் கூடவேதான் வருவார் என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க, நீங்க எறங்கிக்கங்க" என்றார் கண்டக்டர். கும்பிட்டுத்தான் சொன்னார். வேலுச்சாமி இறங்கவில்லை. காலையில வந்தர்றேன் என்றான்.

அதற்கப்புறம் ஊரே தூங்கியது, அவள் மட்டும் தூங்கவில்லை. கதவைச் சாத்தி, ஜன்னலில் கோணியைத் தொங்கவிட்டு, தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டாலும், ஓட்டிடுக்கில், கதவிடுக்கில், போர்வையின் நூலிழையில் என்று வெளிச்சம் எப்படியோ வந்து அவள் கண்ணைத் தொட்டது. கண்ணை மூடினால் உள்ளேயும் சாயங்காலமாகவே இருந்தது. காலை பஸ்ஸில் வேலுச்சாமி வந்து இறங்கும்போது அவன்மேல் தூக்கத்தின் வாடை அடிக்கும். கன்னத்தில் பாயின் தடம் கோடுகோடாகப் பதிந்திருக்கும். ஒருநாள் அவள் பேசாமல் போய் அந்தத் தடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஏம்புள்ள, அப்பிடிப் பாக்கற? பயமா இருக்குது."

"எனக்குத்தானுங்க பயமா இருக்குது. அந்தக் கடைசிப் பாத்திக்கு ஒரு தண்ணி உடுங்க. நான் சொல்லிப்போட்டுத் தூங்கறேன்."

"இன்னும் ரண்டே ரண்டு பஸ் பொறுத்துக்க. நம்ம மேக்காட்டுக்கு ஒரு பாய்ச்சல் பாஞ்சிரட்டும். நம்ம பொழப்புல இப்பத்தான் தண்ணியக் கண்ணுல பாக்கறோம்."

ரண்டே ரண்டு என்று அவன் நாலு தடவை சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஒன்பதாவது பஸ்ஸுக்குள் அவளுடைய மடையின்மேல் பெரிய சப்பட்டைக் கல் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. யார் வைத்தார்கள் என்று கேட்டாள். எல்லோரும் எங்கேயோ பார்த்தார்கள். குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனால், "நீ ஏங்கண்ணு சுமக்கற, நீ உக்காரு" என்று தீர்த்தகிரி வீட்டம்மா பிரியமாக வாங்கிக்கொள்வாள். எந்த நேரத்தில் போனாலும் குடத்தை வாங்கிக்கொள்ள அங்கே ஒரு ஆள் இருந்தது. வேளைக்கு மோர் வந்தது, உச்சிக்கு விளக்கெண்ணெய் வைத்துவிட ஆள் வந்தது, நெய் ஊற்றிய களி வந்தது. ஊர் அப்படி யாரையும் கவனித்ததில்லை. நேர்ந்துவிட்ட கிடாயைத்தான் அப்படிக் கவனிப்பார்கள்.

அவளுக்கு இருந்த ஒரே வேலை கிணற்றின் படிகளை எண்ணுவது. அந்த வியாழக்கிழமை தண்ணீர் பதினெட்டாவது படியில் இருந்தது. எப்போதும் பகலெல்லாம் இறங்கி, ராத்திரியில் ஊறி, விடியும்போது பழைய படிக்கு வந்துவிடும். இப்போது இறங்குவது மட்டும்தான் இருந்தது. இருபத்தைந்து, முப்பத்தொன்று, முப்பத்தாறு. முப்பத்தெட்டாவது படியைப் பார்த்த அன்று அவளுக்கு ஒன்று விளங்கியது. இந்தக் கிணற்றில் கடைசித் தண்ணீரும் தீர்ந்துவிட்டால், பன்னிரண்டாவது பாத்தி நிறையவே நிறையாது. பாத்தி நிறையாவிட்டால் அவளால் சொல்லமுடியாது. அவள் சொல்லாவிட்டால் அவர் போகமாட்டார், எந்தக் காலத்திலும்.

ஓடினாள். தீர்த்தகிரியின் களத்தில் பங்காளிகள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், வேலுச்சாமியும் இருந்தான். அவள் சொன்னதைக் கேட்டார்கள். கையில் மோர் டம்ளரைக் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

ஆறுச்சாமிதான் மெதுவாக ஆரம்பித்தார். "நானும் ஒண்ணு யோசிச்சனுங்க. தூக்கமில்லாம இந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"ஆயிருச்சுன்னா என்ன ஆகும்?" என்றார் தீர்த்தகிரி. "நிக்கச் சொன்னவ இல்லீன்னா, போகச் சொல்றதுக்கு ஆளில்ல. அப்பிடியேதான் நிப்பாரு."

சொல்லிவிட்டு அவர் தன் சோளக்காட்டைப் பார்த்தார். மயிலாத்தா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அதிர்ந்துபோன முகம் ஒன்றாவது இருக்குமென்று தேடினாள், எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். வேலுச்சாமி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு ஒரு குச்சியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். அவள் மோரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, வெங்காயக் காட்டுக்குப் போய், வறண்ட பாத்தியின் தலைமாட்டில் நின்று, மேற்கே பார்த்துக் கைகூப்பி, இருபது வருஷத்தில் முதல் தடவையாகப் பொய் சொன்னாள்.

"ரொம்பிருச்சுங்க, எடுத்துக்குங்க."

ஒரு காற்று வந்து வெங்காயத்தாளை அசைத்துவிட்டுப் போனது. வெளிச்சம் மயிரிழைகூட மாறவில்லை. பாத்தியின் வெடிப்புகளில் மஞ்சள் வெயில் இறங்கி, ஒவ்வொரு வெடிப்பாக நிதானமாகப் பார்ப்பது போலத்தான் அவளுக்குப் பட்டது. வெட்கத்தில் அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

பத்தொன்பதாவது பஸ் போன கொஞ்ச நேரத்தில் மோட்டார் இருமியது. குழாய் சேற்றைக் கக்கியது, அப்புறம் காற்றைக் கக்கியது, அப்புறம் நின்றுவிட்டது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஊர் முழுக்க எழுந்து கிணற்று மேட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தது. நாற்பத்திரண்டாவது படியும் தெரிந்தது, அதற்குக் கீழே பாறையும் தெரிந்தது. அப்போதுதான் அவர்கள் முதல்முறையாகத் திரும்பி அந்தச் சூரியனைப் பார்த்தார்கள், மயிலாத்தா இத்தனை நாளும் பார்த்த மாதிரி. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தீர்த்தகிரி ஓடிப்போய்த் தன் கையாலேயே அந்தச் சப்பட்டைக் கல்லைப் புரட்டித் தள்ளினார். இப்போது மடை திறந்திருந்தது, விடுவதற்குத்தான் தண்ணீர் இல்லை.

"அம்மிணி, நீயே சொல்லு, இப்ப என்ன பண்றது?" என்றார்.

"ராத்திரியானாத்தானுங்க ஊத்துக்கண்ணு தொறக்கும். அதத்தான் நீங்க வரவுடாம வெச்சிருந்தீங்க. கெணத்துக்குள்ளயாச்சும் ராத்திரி பண்ணுங்க. நான் கீழ எறங்கறேன்."

பண்ணினார்கள். தார்ப்பாய், கோணி, போர்வை, சேலை, வேட்டி, கோயில் பந்தலின் துணி, நல்லிக்காட்டுப்புதூருக்குக் கொண்டுபோய் வந்த பாய்கள் எல்லாவற்றையும் கயிற்றில் கோத்துக் கிணற்றின் வாயை மூடினார்கள். மயிலாத்தா படிகளில் இறங்க இறங்க, இருபதாவது படியில் மஞ்சள் போனது, முப்பதாவது படியில் சாம்பல் போனது, நாற்பதாவது படியில் தன் கை தனக்கே தெரியவில்லை. பத்தொன்பது நாளுக்குப் பிறகு இருட்டு. அவள் அதை வாய்விட்டுக் குடிப்பதைப் போல மூச்சை இழுத்தாள். பாறையில் காதை வைத்தாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் எங்கேயோ ஒரு சொட்டு, அப்புறம் இன்னொன்று, அப்புறம் அவள் பாதத்தின் கீழே ஈரம்.

கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றினாள், குடம் கயிற்றில் மேலே போனது, வரிசையாகக் கை மாறி வெங்காயக் காட்டுக்குப் போனது, காலியாகத் திரும்பி வந்தது. பிறகு செம்பால் மொண்டாள், பிறகு குடத்தையே முக்கினாள். நூறு குடமோ இருநூறு குடமோ. தண்ணீர் அவள் முழங்காலுக்கு வந்தபோது மேலே ஒரே கூச்சல், அதில் வேலுச்சாமியின் குரல் தனியாகக் கேட்டது.

"ரொம்பிருச்சு மயிலா! பாத்தி ரொம்பிருச்சு! மேல வந்து சொல்லு!"

அவள் நாற்பதாவது படியில் உட்கார்ந்து, தலையைச் சுவரில் சாய்த்தாள். பத்தொன்பது நாளாக வராதது இப்போது காலிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது.

"இப்பத்தானுங்க கண்ணு அசருது" என்று மேலே பார்த்துச் சொன்னாள். "சித்த நில்லுங்க."

சொன்னவுடன் மேலே சத்தம் அடங்கியது. முறை முறைதான். கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் கயிற்றை விட்டார்கள், குடத்தைப் பிடித்திருந்தவர்கள் குடத்தைக் கீழே வைத்தார்கள். அத்தனை பேரும் வெயிலில் நின்றார்கள். கீழே தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அது காதில் தெளிவாகவே கேட்டது. அவள் தூங்குகிற படிக்குத் தண்ணீர் வர எவ்வளவு நேரமாகும் என்று எல்லோரும் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். எழுப்பவும் கூடாது, விடவும் முடியாது. அவள் வாய் தண்ணீருக்குள் போய்விட்டால் அந்த வார்த்தையும் கூடவே போய்விடும்.

வேலுச்சாமிதான் செருப்பைக் கழற்றிவிட்டு இருட்டுக்குள் இறங்கினான். அவளை எழுப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் அவள் பாதத்தைத் தொட்டதும் அவளை அலுங்காமல் தூக்கி, ஒரு படி மேலே கொண்டுபோய் வைத்தான். மறுபடியும் தொட்டதும் மறுபடியும் ஒரு படி. அவள் அவ்வளவு லேசாகிப்போயிருந்தாள் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு கோணி உமியைத் தூக்குவது போல இருந்தது. அழுகை வந்தது, அவள் விழித்துவிடுவாளோ என்று அதையும் அடக்கிக்கொண்டான். படி படியாக ஒரு முழு நாள் தூக்கினான். மேலே ஒரு ராத்திரி பஸ் வந்து, நிற்கிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனது.

மூன்றாவது படியில் தார்ப்பாயின் ஓரத்து வெளிச்சம் முகத்தில் பட்டு அவள் கண்விழித்தாள். வெளியே வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. பன்னிரண்டாவது பாத்தியில், மண் குடித்தது போக, வரப்பு விளிம்பு வரை தண்ணீர் தளும்பி நின்றது, வெங்காயத்தாளின் நுனி மட்டும் மேலே தெரிந்தது. எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் உடனே சொல்லவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்த புத்தி அவளுக்கு. முறையின் மீதிப் பாதி ஞாபகத்துக்கு வந்திருந்தது.

"மாமா, எத்தன பஸ்ஸுங்க?"

"இருவது" என்றார் தீர்த்தகிரி. சொல்லிய வாய் அப்படியே திறந்து நின்றது. நிற்கவைத்த நேரத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. இனி சொல்லாமலும் இருக்கமுடியாது. அவள் மேற்கே திரும்பிக் கைகூப்பினாள்.

"ரொம்பிருச்சுங்க, எடுத்துக்குங்க."

வேலை கிடக்கிற ஆள் கிளம்புவதைப் போல அவர் சட்டென்று இறங்கிப்போனார். கோழிகள் பட்டிக்கு ஓடின, தூங்குமூஞ்சி மரம் இலையை மூடியது, ஜனங்கள் நின்ற இடத்திலேயே விழுந்து தூங்கினார்கள். தூங்கி எழுந்தபோது இருட்டாக இருந்தது. சரி, இன்னும் விடியவில்லை என்று மறுபடி தூங்கினார்கள். மறுபடி எழுந்தபோதும் இருட்டாகவே இருந்தது. பசித்த குழந்தைகள் அழுதன. ஓடைக்கு அக்கரையில் மின்கம்பங்களின் மேல் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எட்டு மணி பஸ் அந்த வெயிலில் புழுதி பறக்க வந்து, எல்லைக்கல்லைத் தாண்டியதும் முன்விளக்கைப் போட்டது.

"ஏனுங்க, உங்கூர்ல இன்னும் விடியலீங்களா?" என்று கண்டக்டர் படியில் நின்று கேட்டார்.

மயிலாத்தா கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் மேல்படி வரை வந்துவிட்டது, இருட்டில் அதன் குளிர்ச்சி முகத்தில் அடித்தது. இவ்வளவு தண்ணீரை அந்தக் கிணற்றில் யாருமே பார்த்ததில்லை. பக்கத்தில் பேனல்கள் பனியில் நனைந்து ஜில்லென்று கிடந்தன. அந்தப் பக்கம், காய் திரளவேண்டிய வெங்காயம் பன்னிரண்டு பாத்தியிலும் வெயிலில்லாமல் நின்றது. வேலுச்சாமி தடவித் தடவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இருவது முடிஞ்சா வந்துருவாரில்ல, மயிலா?"

"வருவாருங்க. அவுரும் பங்காளிதான."

"அப்பறம் என்ன யோசன உனக்கு?"

கிழக்கே இருட்டைப் பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"அவுருக்கும் எங்கியாச்சும் ஒரு பாத்தி ஓடிட்டிருந்து, நம்மளப் பாத்துச் சித்த நில்லுங்கன்னு கேட்டாருன்னா, நாம நிக்கோணுமுங்களே" என்று சொல்லிவிட்டு, அவன் கையைத் தேடிப் பிடித்து, அதில் முதல் நாளுக்கு ஒரு விரலை மடக்கினாள்.